13-க்கு 13 மட்டும் போதாது, உடன்பிறப்பே!

(தகவல் தொழில்நுட்ப அணி இளைஞர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைவர் கலைஞர் பற்றி நாம போடுற பதிவுல முதல் வரி எப்பவுமே இதுதான்: 13 முறை போட்டி, 13 முறை வெற்றி. குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர்னு 7 தொகுதிகள். பெருமைதான். ஆனா ஜெயிச்சுப் போய் சட்டமன்றத்துல என்ன செஞ்சார்னு கேட்டா, நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

1957. கழகம் சந்திச்ச முதல் பொதுத்தேர்தல். ஜெயிச்சது 15 பேர். அதுல குளித்தலையில் இருந்து போன கலைஞருக்கு வயசு 32. அவருடைய கன்னிப்பேச்சு எதைப் பற்றி தெரியுமா? நங்கவரம் விவசாயிகளின் பிரச்சினை. அந்த மன்றத்துல உட்கார இடமே இல்லாத உழவனுக்காகத்தான் அவர் முதல்ல எழுந்தார்.

பேசினதோட விட்டாரா? 1969-ல் முதலமைச்சர் ஆனார். 1970-ல் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரில் இருந்து 15 ஆகக் குறைந்தது. 1971-ல், விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனையை அவருக்கே சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் வந்தது. எதிர்வரிசையில் எழுப்பிய குரல், ஆளும் வரிசைக்கு வந்ததும் சட்டமாச்சு.

சோதனைக் காலமும் உண்டு. 1991-ல் கழகத்துக்குக் கிடைச்சது வெறும் 2 இடம். துறைமுகத்தில் கலைஞர் ஜெயிச்சது 890 வாக்கு வித்தியாசத்தில். அவர் பதவி விலகினார். எழும்பூரில் வென்ற பரிதி இளம்வழுதி தனி ஆளாக நின்றார். "கழகம் முடிஞ்சுது"ன்னு பேசினாங்க. 1996-ல் மீண்டும் ஆட்சி!

கடைசியா நம்ம கதை. 2006-ல் அவருடைய அரசு கொண்டு வந்த சட்டம், தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத்தேர்வை நீக்குச்சு. கோச்சிங் கிளாஸ் வாசலை மிதிக்காம, பிளஸ் டூ மார்க்கை வெச்சே இன்ஜினியரிங் சேர்ந்தவன் நான். இங்கே உட்கார்ந்திருக்கிற உங்கள்ல பாதிப் பேரும் அப்படித்தானே?

அதனால ஒரு வேண்டுகோள். அடுத்த முறை "13-க்கு 13"னு பதிவு போடும்போது, கீழே ஒரே ஒரு வரி சேருங்க: அவர் கொண்டு வந்த ஒரு சட்டம், அதனால உங்க வீட்டுல மாறிய ஒரு விஷயம். எண்ணிக்கையை யார் வேணும்னாலும் சொல்லலாம். உங்க வீட்டுக் கதையை நீங்கதான் சொல்லணும்.