எங்க பள்ளிக்கூட அடுப்பு
(கூட்டமைப்பின் மகளிர் தின விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

ஏலாக்குறிச்சி, திருமானூர் சுத்துவட்டாரத்துல இருந்து ஒருநாள் கூலியை விட்டுட்டு வந்திருக்கிற என் சகோதரிகளே! எனக்கு மைக் புடிச்சுப் பழக்கம் கிடையாது. கரண்டி புடிச்ச கதையைத்தான் சொல்லப்போறேன்.

வீரமாமுனிவர் இத்தாலியில இருந்து வந்து, நம்ம ஊருக்குத் திருக்காவலூர்னு பேர் வச்சு, அடைக்கல மாதாவுக்குக் கோயில் கட்டினது உங்க எல்லாருக்கும் தெரியும். அரியலூர் ஜமீன்தாருக்கு ராஜபிளவை வந்து, அதை முனிவர் குணமாக்கினதால அவர் கோயிலுக்கு நிலம் கொடுத்தார்னு எங்க ஆயா சொல்லும். ஜமீன்தார் வேற சாமி கும்புடுறவர். ஆனாலும் கொடுத்தார். இதை ஏன் சொல்றேன்னா, பின்னால வருது.

2023 ஆகஸ்டுல எல்லா அரசு ஆரம்பப் பள்ளியிலயும் காலை உணவு வந்துடுச்சு. என் பொண்ணு படிக்கிறது சிஸ்டருங்க நடத்துற உதவிபெறும் பள்ளி. பேரு வேண்டாம். அங்க மத்தியானம் சத்துணவு உண்டு, காலையில கிடையாது. "அம்மா, அந்த ஸ்கூல்ல இன்னிக்குப் பொங்கலாம்"னு தினமும் ஒரு சேதி கொண்டாரும். நான் களையெடுக்க ஆறரைக்கெல்லாம் கிளம்பணும். பழையது இருந்தா சாப்பிட்டுப் போகும். இல்லன்னா டீயும் ரெண்டு பிஸ்கட்டும்தான். பதினொரு மணிக்குப் பிள்ளைங்க தலையைப் பெஞ்சுல சாச்சுக்கிட்டுக் கெடக்குதுங்கன்னு டீச்சரே சொல்லுவாங்க.

2024 ஜூலை 15, காமராசர் பிறந்தநாள். திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில புனித அன்னாள் பள்ளியில முதலமைச்சர் இந்தத் திட்டத்தைக் கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் தொடங்கி வச்சார். மொத்தம் 3,995 பள்ளி. அதுல எங்க பள்ளியும் ஒண்ணு. சமைக்கிறது யாருன்னா நம்ம குழுப் பெண்கள். குழுவுல மூணு வருஷமாவது இருக்கணும், தன் பிள்ளை அதே பள்ளியில படிக்கணும். எங்க குழுவுல மூணு பேர் தேர்வானோம். அதுல நான் ஒருத்திதான் காலனி.

முதல் நாள் திங்கட்கிழமை, ரவா உப்புமா, காய்கறி சாம்பார். பிள்ளைக்கு 50 கிராம் ரவை, 15 கிராம் பருப்புன்னு கணக்கு. வீட்டுல கைக்கணக்கா போட்டுப் பழகின எனக்குத் தராசைப் பார்த்தா கை நடுங்குச்சு. விடியறதுக்கு முன்னாடி அடுப்பைப் பத்த வச்சு, எட்டேகாலுக்கெல்லாம் தட்டுல போட்டுட்டோம். உப்பு கொஞ்சம் தூக்கல். அதை ஒத்துக்கிறேன்.

ரெண்டாவது வாரம்தான் கவனிச்சேன். நாலஞ்சு பிள்ளைங்க டிபன் டப்பாவோட வந்து தனியா உக்காருதுங்க. "ஏன்டா தங்கம், பிடிக்கலையா?"ன்னு கேட்டா, ஒண்ணு பட்டுன்னு சொல்லிடுச்சு: "நீங்க ஆக்கினதைத் திங்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிச்சு." பிள்ளை பொய் சொல்லாது பாருங்க. அன்னைக்கு நான் பாத்திரம் தேய்க்கிற சாக்குல குழாயடியிலயே ரொம்ப நேரம் நின்னுட்டேன். மறுநாள் போகவேண்டாம்னுதான் நெனச்சேன். 2023-ல தூத்துக்குடி மாவட்டத்துல இதேமாதிரி ஆனப்போ எம்.பி.யும் அமைச்சரும் வந்து பிள்ளைங்களோட உக்காந்து சாப்பிட்டாங்க, பேப்பர்ல வந்துச்சு. நம்ம ஊருக்கு யார் வரப்போறா?

தலைமையாசிரியை சிஸ்டர் கிட்ட சொன்னேன். அவங்க யாரையும் கூப்பிட்டுத் திட்டல. மறுநாள் காலையில ஒரு தட்டை எடுத்துக்கிட்டு வந்து, அந்தப் பிள்ளைங்க பக்கத்துல தரையில உக்காந்து, "எனக்கும் போடும்மா"ன்னாங்க. தினமும் அப்படியே. நான் ஒருநாள் கேட்டேன், மாதா கோயில் வாசல்ல எல்லாரும் ஒண்ணாத்தானே நிக்கிறோம், இதுல மட்டும் என்னன்னு. சிஸ்டர் சிரிக்காம சொன்னாங்க: திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்துல கோயிலுக்குள்ளயே சாதி பிரிச்சுச் சுவர் இருந்துச்சாம். 1910-லதான் இடிச்சாங்களாம். "கோயில்லயே இருந்துச்சு, டப்பாவுல இருக்காதா?"ன்னாங்க.

ஆனா விஷயம் பள்ளிக்கூடத்துல முடியல, குழுக் கூட்டத்துலதான் முடிஞ்சுது. அந்தத் தாய்மார்ல ஒருத்தவங்க நம்ம கூட்டமைப்புலதான் இருக்காங்க. இங்க உக்காந்திருக்காங்களான்னு நான் பார்க்கல. கடன் தீர்மானம் எழுதுறப்போ நானே எழுந்து கேட்டுட்டேன்: "அக்கா, பேங்க்ல நீங்க கட்டலன்னா நான் கட்டணும், நான் கட்டலன்னா நீங்க கட்டணும். என் பணம் உங்க பணத்தோட கலக்குது. என் உப்புமா மட்டும் ஏன் கலக்கக் கூடாது?" யாரும் பேசல. ஊக்குநர் நோட்டை மூடிட்டாங்க. ஜமீன்தார் கொடுத்த நிலத்தைப் பத்தி ஒரு பாட்டிதான் வாயைத் திறந்துச்சு: "அவன் மண்ணுல இவங்க கோயிலு, இவங்க பள்ளிக்கூடத்துல நம்ம பிள்ளைங்க. இதுல எதைடி நீ பிரிப்ப?"

அடுத்த நாளே எல்லாம் மாறிடுச்சுன்னு சொன்னா பொய். ஒரு மாசம் ஆச்சு. கேசரி போட்ட அன்னைக்கு ரெண்டு பிள்ளைங்க டப்பாவைத் திறக்கவே இல்ல, தட்டை நீட்டுச்சுங்க. அப்புறம் இன்னும் ரெண்டு. ஒரு பிள்ளையை மட்டும் வேற பள்ளிக்கு மாத்திட்டாங்க. அது எனக்கு இன்னும் ஆறல. அந்தப் பிள்ளைதான் என்னைப் பார்த்து முதல்ல "ஆன்ட்டி"ன்னு கூப்பிட்டுச்சு.

2025 ஆகஸ்டுல சென்னை மயிலாப்பூர்ல தொடங்கி, நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் காலை உணவு போயிடுச்சு. அங்க அடுப்புல நிக்கிறவங்களுக்கும் இந்த மாதிரி ஒரு டப்பா வந்து நிக்கலாம். குழுக் கூட்டத்துல எழுந்து கேளுங்க தங்கச்சிங்களா. அழுதுட்டு நின்னுடாதீங்க.

வர்ற ஜூன்ல என் பொண்ணு ஆறாவது போறா. விதிப்படி என் முறை முடிஞ்சுது. எனக்கு அடுத்து வரப்போற தங்கச்சி இங்கதான் இருக்கா, வெக்கப்பட்டுக்கிட்டுக் குனியுறா. அவளுக்கு மூணே சேதி. ரவையை முதல் நாள் சாயந்திரமே வறுத்து வச்சுடு. செல்போன்ல பதிவு போடுறதுக்கு முன்னாடி சார்ஜ் இருக்கான்னு பாரு, நம்ம ஊர்ல கரண்ட் எப்ப போகும்னு தெரியாது. மூணாம் வகுப்புல ஒரு பையன் கத்தரிக்காயை மட்டும் பொறுக்கி ஓரமா வைப்பான். அவனைத் திட்டாத, நல்லா மசிச்சுப் போடு, சாப்பிட்டுடுவான்.