டோம்பிவிலியில் உதித்த எண்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் கணிதப் புலவன் அல்லன். மெட்ரிகுலேஷன் தேறிய ரயில்வே குமாஸ்தா. ஆயினும் ஓர் எண்ணைப் பற்றிப் பேசத் துணிந்தேன். ஏனெனில், அதற்குப் பெயர் தந்தது நாம் நன்கறிந்த ரயில் நிலையம்.

அவ்வெண் 12345678987654321. பதினேழு இலக்கங்கள், நூற்றிருபத்து மூன்று கோடி கோடிக்கும் மேற்பட்ட தொகை. 'விகடகவி' என்னும் சொல்லைப்போல் எப்பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. இலக்கங்களின் கூட்டுத்தொகை 81, அதாவது ஒன்பதின் வர்க்கம். அவ்வெண்ணோ 111111111 என்பதன் வர்க்கம்.

இத்தகைய எண்களை ஆராய்ந்தவர் 1905இல் டஹாணுவில் பிறந்த காப்ரேகர். தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளி ஆசிரியராக இருந்தவர். தாணாவுக்கும் கல்யாணுக்கும் இடையிலுள்ள டோம்பிவிலி நிலையத்தில் இவ்வெண்ணம் தமக்கு உதித்தமையால், அந்நிலையத்தின் பழம்பெயரைக் கொண்டு 'டெம்லோ எண்கள்' என்று பெயரிட்டார்.

ஒரு நாள் இதை என் மகளுக்குக் காட்டினேன். 11ஐ 11ஆல் பெருக்கினால் 121. 111ஐ 111ஆல் பெருக்கினால் 12321. இவ்வாறே ஒன்பது ஒன்றுகள் வரை. "பத்து ஒன்றுகள் இருந்தால், அப்பா?" என்றாள். "அதுவும் இப்படியேதான் ஏறி இறங்கும்" என்றேன். அவள் போட்டுப் பார்த்து, "இல்லை" என்றாள். "தப்பாகப் போட்டிருப்பாய்" என்று கடிந்துகொண்டேன். பிறகு நானே போட்டேன். வந்த விடை 1234567900987654321. அழகு குலைந்திருந்தது, குழந்தை சொன்னதே சரி!

காரணம் எளிது. ஒன்பது ஒன்றுகளைப் பள்ளியில் கற்ற முறையில் பெருக்கினால் ஒன்பது வரிகள் வரும். ஒவ்வொன்றும் ஓரிடம் இடப்புறம் தள்ளி நிற்கும். வலக்கோடிப் பத்தியில் ஓர் ஒன்று, அடுத்ததில் இரண்டு, நடுப்பத்தியில் ஒன்பது, பின்னர் ஒவ்வொன்றாகக் குறையும். எப்பத்தியும் ஒன்பதைத் தாண்டாததால் அடுத்த பத்திக்கு மிகுதி செல்வதில்லை. பத்து ஒன்றுகளானால் நடுப்பத்தியில் பத்து சேரும், மிகுதி நகரும், ஒழுங்கு கலையும்.

ஒன்பது முறை பலித்தது பத்தாம் முறையும் பலிக்கும் என்பதற்கு உறுதி இல்லை. காரணம் அறிந்தவனுக்கே ஒழுங்கின் எல்லையும் தெரியும். காரணம் தேடப் பெரும் பட்டம் வேண்டுவதில்லை. நம் இராமாநுஜனும் 1912இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவரே.

பெற்றோர்களே! குழந்தை "இல்லை" என்று சொன்னால் கடிவதற்குமுன் காகிதத்தை எடுத்துப் போட்டுப் பாருங்கள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் மகளிடம் இச்சபையறிய என் தவற்றை ஒப்புக்கொண்டு அமர்கிறேன்.