கச்சான் காற்றும் பழைய மோட்டார் வண்டியும்

வைகாசி பிறந்துவிட்டால் மட்டக்களப்பு மக்கள் கச்சானை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவர். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் மழையையெல்லாம் சொரிந்துவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே இறங்குகின்றது. இறங்க இறங்க அதன் வெப்பம் ஏறுகின்றது. படுவான்கரை வயல்களைக் கடந்து, வாவியைத் தாண்டி, எழுவான்கரைத் தென்னந்தோப்புகளை அது அடையும்போது உலைவாயிலிலிருந்து வரும் காற்றுக்கும் அதற்கும் வேறுபாடு காண்பது அரிது. அக்காலத்திலே நண்பகலில் கல்லடிப் பாலத்தின்மேல் கண்ணாடி ஏற்றிய ஒரு பழைய ஸ்போட்ஸ் காரில் அமர்ந்திருப்பவரின் நிலையை நேயர்கள் கற்பனை செய்துகொள்ளலாம்.

இத்தகைய வண்டியின் அமைப்பே வெயிலுக்கு உகந்ததன்று. இருவர் அமரும் சிறு அறை; படுத்த சரிவிலே பெரிய முன்கண்ணாடி; காலடிக்கு அருகிலே எஞ்சினின் சூடு. கூரை துணியாலானதென்றால் உண்டாக்கிய குளிரிற் பாதி தையல் வழியே போய்விடும். ஆயினும் அதை வைத்திருப்போர் எளிதிற் கைவிடுவதில்லை. 2020ஆம் ஆண்டு பங்குனியில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025 மாசியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருந்ததைப் பேணுவதன்றி வேறு வழியிருக்கவில்லை.

இனி, குளிர்சாதனம் பழுதுபட்டால் நிகழ்வது யாது? சொந்தக்காரர் கராஜுக்குச் செல்கின்றார். “காஸ் முடிஞ்சிட்டு மனே, போட்டாச் சரி” என்கிறார் அங்குள்ளவர். காஸ் ஏற்றப்படுகின்றது, குளிர் வருகின்றது, பணம் கைமாறுகின்றது. மூன்று கிழமைக்குள் மீண்டும் வெப்பக் காற்று. மறுபடியும் காஸ், மறுபடியும் பணம். இவ்வாறு மூன்று நான்கு முறை செலவிட்ட தொகையைக் கூட்டிப் பார்த்தால் பழுதை ஒரே தடவையில் ஒழுங்காகத் திருத்தியிருக்கலாம் என்பது தெரியவரும்.

பெற்றோல்போல இந்தக் காஸ் எரிந்து தீர்வதன்று. அது மூடிய சுற்றிலே ஓடுவது. அமுக்கி, அதாவது கம்பிறசர், ஆவியை அமுக்கிச் சூடாக்குகின்றது. வண்டியின் முகப்பிலுள்ள ஒடுக்கி அச்சூட்டை வெளிக்காற்றுக்குக் கொடுத்து ஆவியைத் திரவமாக்குகின்றது. அத்திரவம் ஒடுங்கிய வால்வொன்றின் வழியே பாய்ந்து ஆவியாக்கியிலே மீண்டும் ஆவியாகும்போது, அறைக்காற்றிலிருந்து மறைவெப்பத்தைப் பறித்துக்கொள்கின்றது. சுற்று முழுமையாக இருக்குமானால் காஸ் விரைவிற் குறைய வழியில்லை. சில கிழமைகளிற் குறைந்தது என்றால் எங்கோ துவாரம் இருக்கின்றது. அதைக் காணாமல் காஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்ளும் வேலையே.

வாவிப் பிரதேசத்திலே இந்தத் துவாரத்தை முதலில் ஒடுக்கியிலே தேடவேண்டும். கல்லடி போன்ற இடங்கள் ஒருபுறம் கடலும் மறுபுறம் உவர்நீர் வாவியுமாக அமைந்தவை. உப்புத்துளிகள் ஒடுக்கியின் மெல்லிய அலுமினியத் தகடுகளில் படிந்து அரிக்கின்றன. இரண்டாவது இடம் சிறிது வியப்பானது. அமுக்கியின் சுழல்தண்டைச் சுற்றி ஓர் அடைப்பு உண்டு. சுற்றிலே ஓடும் எண்ணெய் அதை நனைத்துக்கொண்டிருக்கும்வரை அது காஸைக் காக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கப்படும் வண்டியிலே, அதிலும் குளிர்சாதனத்தை முடுக்காமலே ஓட்டினால், அந்த அடைப்பு உலர்ந்து கசியத் தொடங்கும். ஓடித் தேய்ந்த வண்டியைவிடப் போர்த்தி வைத்த வண்டி இவ்விடயத்தில் அதிகம் கெடுவதுண்டு. மழைக்காலமாயினும் கிழமைக்குப் பத்து நிமிடம் குளிர்சாதனத்தை இயக்கவேண்டுமெனத் தேர்ந்த மெக்கானிக்குகள் வற்புறுத்துவது இதனாலேயே.

பழைய வண்டியென்றால் இன்னுமொரு சிக்கல் சேர்ந்துகொள்கின்றது. அதற்கென விதித்த காஸே இன்று வழக்கொழிந்துவிட்டது. அதன் கதை சுவையானது. ஆர்-12 எனப்படும் அக்காஸை 1928ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே தோமஸ் மிட்ஜ்லி என்பவரும் அவருடைய துணைவர்களும் உருவாக்கினர். அதுவரை குளிரூட்டிகளிலே நச்சு அல்லது தீப்பற்றும் வாயுக்களே பயன்பட்டன. 1930இல் அறிஞர் சபையொன்றிலே மிட்ஜ்லி அந்த வாயுவை நெஞ்சார உள்ளிழுத்து, எரியும் மெழுகுவர்த்தியின்மேல் ஊதி அதை அணைத்துக் காட்டினார். நஞ்சுமன்று, தீப்பற்றுவதுமன்று என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுமா? பத்தாண்டுகளுக்குள் பக்காட் கம்பனி மோட்டார் வண்டியிலேயே குளிர்சாதனத்தைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. அதை நிறுத்தவேண்டுமானால் எஞ்சின் மூடியைத் திறந்து பட்டியைக் கழற்றவேண்டியிருந்ததாம்!

மூச்சுக்குத் தீங்கு செய்யாத அந்த வாயு வானத்துக்குத் தீங்கு செய்தது. குளோரின் அடங்கிய இத்தகைய வாயுக்கள் மேல்வளிமண்டலத்திலே சிதைந்து ஓசோன் படையை அழிக்கக்கூடும் என்று மொலினா, றோலண்ட் என்னும் இருவர் 1974இல் அறிவித்தனர். 1985இல் தென்துருவத்தின்மேல் ஓசோன் பெரிதும் குன்றியிருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர் கண்டறிந்து வெளியிட்டனர். 1987 புரட்டாதியில் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. இலங்கை 1989இல் அதை ஏற்றது. 1990களின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலான வண்டிக் கம்பனிகள் குளோரின் அற்ற ஆர்-134ஏ என்னும் காஸுக்கு மாறிவிட்டன. அதுவும் புவியைச் சூடாக்கும் வாயுவே. ஆகையால் எதையும் வெளியே திறந்துவிடாமல், உறிஞ்சும் பொறியாற் கலத்திலே சேகரிப்பதே முறை.

எனவே 1990ஆம் ஆண்டளவிற் செய்த ஸ்போட்ஸ் காரைத் திருத்துவோர் காஸை மட்டுமன்றி வேறு சிலவற்றையும் மாற்றவேண்டும். பழைய கனிய எண்ணெய் புதிய காஸோடு கலவாது. கலவாத எண்ணெய் அமுக்கிக்குத் திரும்பி வராது. எண்ணெயற்ற அமுக்கி இறுகிப்போகும். ஆதலின் புதிய காஸுக்கேற்ற எண்ணெய் இடவேண்டும். மூட்டுகளிலுள்ள றப்பர் வளையங்களைப் புதுப்பிக்கவேண்டும். ஈரத்தை உறிஞ்சும் உலர்த்திக் குப்பியையும் மாற்றவேண்டும். செலவைக் குறைக்க எண்ணுவோர் முதலில் விட்டுவிடுவது இக்குப்பியைத்தான். விட்டதன் பயனை அமுக்கி அனுபவிக்கும்.

துவாரத்தைத் தேடுவதற்கு உலர்ந்த நைதரசனை உள்ளே செலுத்தி மூட்டுகளிற் சவர்க்கார நுரை பூசிப் பார்ப்பது எளிய வழி. ரயருக்கு அடிக்கும் காற்றைச் செலுத்தலாகாது; அதிலே ஈரம் உண்டு. அடைத்தபின் வெற்றிடப் பம்பியாற் சுற்றை வெறுமையாக்குவர். உள்ளேயுள்ள அமுக்கம் வளியமுக்கத்தின் இருபத்துநான்கில் ஒரு பங்குக்கும் குறையுமானால் 30 பாகையிலேயே நீர் கொதித்து வெளியேறிவிடும். ஆதலின் ஐந்து நிமிடத்தோடு பம்பியை நிறுத்துவது வேலையன்று. அரைமணி, ஒருமணி நேரம் விடவேண்டும். பிறகு பம்பியை அடைத்து முள் அசைகின்றதா என்று காத்திருக்கவேண்டும்.

காஸை ஏற்றுவது தராசினாலேயாகும். மானியின் முள்ளை மட்டும் நம்புவோர் ஏமாறுவர். எஞ்சின் ஓடாத நிலையில், உள்ளே சிறிது திரவம் இருந்தாலும் நிறைய இருந்தாலும், 30 பாகையில் முள் ஏறத்தாழ 95 இறாத்தலையே காட்டும். பழைய காஸுக்கு விதித்த நிறையில் 80 முதல் 90 வீதம் புதிய காஸ் போதும். கூடினால் குளிர் கூடாது; குறையும். கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி அணியாமல் குழாயைக் கழற்றுவது தகாது. தெறிக்கும் திரவம் பட்ட இடத்தை உறையச்செய்துவிடும்.

காஸ் விலையைப் பார்த்துச் சிலர் சமையல் எரிவாயுவை ஏற்ற எண்ணுவதுண்டு. அது நன்றாகவே குளிரூட்டும்; ஐயமில்லை. ஆனால் ஆவியாக்கி இருப்பது ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால். எரியாத காஸுக்கென்று அமைத்த பழஞ்சுற்றிலே அங்கே ஒரு மூட்டு கசிந்தால், கண்ணாடி ஏற்றிய சிறிய அறைக்குள் எரிவாயு நிறையும். பின் ஒரு சுருட்டோ, ஒரு மின்பொறியோ போதும். முன்மோதலிலே ஒடுக்கி கிழிந்தாலும் சூடான எஞ்சினின் அருகே அதே வாயு பீறிடும். இவ்வேலையைச் செய்து தருவதாகக் கூறும் கராஜிலிருந்து வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வருவதே நன்று.

வேலை முடிந்ததும் நடுத் துவாரத்தில் ஒரு வெப்பமானியைச் செருகி, வண்டியை நாவலடிப் பக்கமாகச் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்கலாம். நின்ற வண்டியிலே கச்சான் நண்பகலில் எந்தப் பழைய குளிர்சாதனமும் தடுமாறும். ஒடுக்கிக்குக் காற்றோட்டம் கிடைத்தபின் காட்டும் எண்ணே கணக்குக்குரியது. வீடு திரும்பியதும் ஒடுக்கியை நன்னீரால் மெல்லக் கழுவிவிடவேண்டும். எஞ்சின் மூடியின் உட்புறத்திலே, ஏற்றிய காஸின் பெயர், நிறை, எண்ணெயின் வகை, திகதி ஆகிய நான்கையும் எழுதி ஒரு சீட்டு ஒட்டப்படும். அடுத்த முறை அம்மூடியைத் திறப்பவர் வேறொரு மெக்கானிக்காக இருக்கலாம்.