எங்கே நின்று பார்த்தீர்கள்?

வேலை செய்யும் இடத்தில் ஒழுங்கை எப்படிக் காப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் பர்சனல் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பேச்சில் கொஞ்சம் பஞ்சுத் தூசி பறக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலாண்மை வகுப்புகளில் ‘சூடான அடுப்பு விதி’ என்று ஒன்று சொல்லித் தருவார்கள். டக்ளஸ் மெக்ரிகர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பெயரால் வழங்குவது. அடுப்பு கனன்று முன்பே எச்சரிக்கிறது. தொட்டால் உடனே சுடுகிறது. எத்தனை தடவை தொட்டாலும் சுடுகிறது. மேனேஜர் மச்சினனா, நூல் நிறைந்த பாபின் கழற்றும் டாஃபர் பையனா என்று பார்ப்பதில்லை. தண்டனையும் அப்படி இருக்க வேண்டுமாம். முக்கால்வாசி சரிதான். ஆனால் அடுப்பு யாரிடமும் விளக்கம் கேட்பதில்லையே! மேலதிகாரி கேட்டே ஆக வேண்டும். என் உத்தியோகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கேட்கிற வேலைதான். உள் விசாரணை என்போம். மில்லில் எல்லோருக்கும் அது ‘என்கொயரி’.

ஒரு என்கொயரியைச் சொல்கிறேன். ஸ்பின்னிங்கில் நைட் ஷிப்ட். மிஷினுக்குப் பக்கத்தில் தொழிலாளி தூங்கினார் என்று சூப்பர்வைசர் ரிப்போர்ட். ‘கழிவுப் பஞ்சுப் பெட்டியைச் சுத்தம் செய்யக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்’ என்கிறார் தொழிலாளி. அவருக்குத் துணையாக வந்தவர் சக தொழிலாளி, அதிகம் பேசாத மனிதர். அவர் சூப்பர்வைசரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “சார், நீங்க எங்க நின்னு பார்த்தீங்க?”

“வாசல்ல இருந்து.”

எல்லோரும் எழுந்து டிபார்ட்மென்டுக்கே போனோம். அந்த வாசலில் நின்றால் மிஷின் கோடியில் உட்கார்ந்திருப்பவரின் கால் மட்டும்தான் தெரிகிறது. முகம் தெரியவில்லை. குற்றச்சாட்டு அதோடு விழுந்தது. அவர் தூங்கவே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், நேயர்களே. ஆனால் கால் தூங்கியதாக யாரையும் தண்டிக்க முடியாது.

எங்கள் மேனேஜர் அப்புறம் செய்ததைத்தான் நான் தலைமை என்பேன். தொழிலாளர்கள் முன்னால் சூப்பர்வைசரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தனியாகக் கூப்பிட்டு, ‘இனிமேல் பக்கத்தில் போய்ப் பாருங்கள், நேரத்தைக் குறியுங்கள், கூட ஒருவரைச் சாட்சிக்கு வையுங்கள்’ என்றார். அதற்குப் பிறகு வந்த ரிப்போர்ட்டுகளே வேறு மாதிரி. இன்னொன்றும் நடந்தது. உண்மையிலேயே தப்புச் செய்தவர்கள் என்கொயரியில் வாதாடாமல் ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார்கள். சங்கத்து ஆட்களும், ‘இதுக்கு நாங்க வர மாட்டோம், நீயே பார்த்துக்கோ’ என்று ஒதுங்கினார்கள்.

என்கொயரிக்காக சஸ்பெண்ட் செய்தால் சம்பளமே கிடையாது என்று நினைக்கிற முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள். நிலையாணைகள், அதாவது எழுதி வைத்த வேலை விதிகள், பொருந்தும் ஆலைகளில் விசாரணை முடியும்வரை பிழைப்பூதியம் தர வேண்டும். முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம். அதன் பிறகும் இழுத்தடித்தால், தாமதம் தொழிலாளியால் இல்லாதபோது, 75 சதவீதம். 2020ல் இயற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, விசாரணையைப் பொதுவாக 90 நாளுக்குள் முடிக்கவும் சொல்கிறது. வேலைநீக்கம் குற்றத்துக்கு மீறிய தண்டனையானால் தொழிலாளர் நீதிமன்றம் குறைக்கலாம் என்பதும் 1971லேயே சட்டத்தில் சேர்ந்துவிட்டது. பழைய 1946ஆம் வருட நிலையாணைகள் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஓர் அம்சம் இருந்தது: விதிகளைப் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரிகிற மொழியிலும் எழுதி, அவர்கள் நுழைகிற வாசலருகே பலகையில் ஒட்ட வேண்டும் என்றது. பல இடங்களில் அந்தப் பலகை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், அது வேறு விஷயம்.

லேட்டாக வருவது, சொல்லாமல் லீவு போடுவது, மெமோ எழுதும் முறை என்று ஒரு பட்டியலே கொண்டுவந்தேன். வானொலி நிலையத்து நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேட்டுக்கொண்டிருக்கும் சூப்பர்வைசர் யாராவது, இன்றைய நைட் ஷிப்டில் ரிப்போர்ட் எழுத நேர்ந்தால், தாம் நின்ற இடத்தையும் சேர்த்து எழுதுவார் என்று நம்புகிறேன்.