இன்சுலின் ஊசியும் விருந்து வேளையும்

(யூபிலி ஆண்டில், லூர்து அன்னை திருநாளன்று பங்கு மன்றத்தில் நடைபெற்ற நோயாளர் நாள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பிப்ரவரி 11-ஆம் நாளை உலக நோயாளர் நாளாகத் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1992-இல் ஏற்படுத்தினார். 1993 முதல் திருச்சபை அதைக் கொண்டாடி வருகிறது. இந்த நாளில் வழக்கமாக நோயாளிகளுக்கு நான் ஆறுதல் சொல்வேன். இன்று அவர்களிடமும் உங்களிடமும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. வழக்கமாக நீங்கள் சொல்ல நான் கேட்பேன். இன்று நான் சொல்கிறேன், நீங்கள் கேளுங்கள்.

யூபிலித் தொடக்க விழா உங்களுக்கு நினைவிருக்கும். பகல் 1 மணிக்கு அசனம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தோம். நம் பங்கைச் சேர்ந்த 10 வயதுச் சிறுவன் ஒருவன் முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவன். அவன் தாய் நம் அறிவிப்பை நம்பி, 12.45-க்கு அவனுக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்டார். ஆனால் பொன்னாடைகள் முடியவில்லை, வாழ்த்துரைகள் முடியவில்லை, எல்லாவற்றுக்கும் மேலாக என் நன்றியுரை முடியவில்லை. இலை போடும்போது மணி 1.50. அதற்குள் அந்தப் பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறிவிட்டது. நம் மடத்துச் சகோதரி ஒருவர் கண்டு, ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததால் பிழைத்தான்.

மாலையில் அந்த வீட்டுக்குப் போனேன். "ஏம்மா, முன்னாலேயே எழுந்து வந்து சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். "நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க சாமி. நடுவுல எந்திரிச்சா மரியாதையா இருக்காதேன்னு உக்காந்துட்டேன்" என்றார். அந்தப் பதில் என்னை இன்றுவரை விட்டபாடில்லை. அவர் அனுமதியோடுதான் இதை இங்கே சொல்கிறேன். இன்று சொல்லப் போவதில் பெரும்பகுதியும் அந்தத் தாயிடமும், பிறகு மருத்துவர்களிடமும் நான் கற்றுக்கொண்ட பாடம்.

நம் வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. நாம் உண்ணும் சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் சேரச் சேர, கணையம் அதற்கேற்ற அளவு இன்சுலினைச் சுரக்கிறது. சாப்பாடு தாமதமானால் அதுவும் காத்திருக்கும். முதல் வகை நோயில், உடலின் தற்காப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. இது இனிப்புத் தின்றதால் வந்ததல்ல. பெற்றோர் செய்த பாவத்தால் வந்ததுமல்ல. இந்நோயாளர் உயிர்வாழ ஊசி ஒன்றே வழி. ஆனால் ஊசிக்குக் காத்திருக்கத் தெரியாது. போட்ட இன்சுலினைத் திரும்ப எடுக்கவும் முடியாது. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனால் போதும்.

இந்த ஊசி எத்தகைய கொடை என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1921-இல் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரி 11-ஆம் நாள், சாவின் விளிம்பில் இருந்த லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதல் செலுத்தப்பட்டது. முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. காலிப் என்பவர் அம்மருந்தைத் தூய்மைப்படுத்தித் தந்தார். 12 நாள் கழித்துப் போட்ட ஊசி பலித்தது. அதற்கு முன் இந்நோய் கண்ட பிள்ளைகள் பட்டினிப் பத்தியத்தில் மெலிந்து இறந்துபோனார்கள். நம் தமிழகத்தில் 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார்.

இனி நேரத்தைப் பற்றிப் பார்ப்போம். சாப்பாட்டு வேளைக்குப் போடும் இன்சுலின் இரு வகை. பழைய வகையாகிய ரெகுலர் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னதாகப் போட வேண்டும். அதன் வேலை 6 முதல் 8 மணி நேரம்வரை நீளும். லிஸ்ப்ரோ, ஆஸ்பார்ட் போன்ற புதிய வகைகளைப் 10, 15 நிமிடம் முன்னால் போட்டால் போதும். அவை ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய்விடும். சாப்பாட்டு வேளை இன்சுலினோடு நடுத்தர நேரம் வேலை செய்யும் இன்சுலினும் கலந்த கலங்கல் இன்சுலினைக் காலை, மாலை என இருவேளை போடுவோரும் நம்மிடையே உண்டு. அவர்களுக்குக் காலையில் போட்ட ஊசியே மதியத்திலும் வேலை செய்துகொண்டிருக்கும். ஆகவே, அவர்களின் மதியச் சாப்பாடு தள்ளிப்போகவே கூடாது.

வீட்டில் அடுப்பு நம் கையில் இருக்கிறது, நேரம் தவறாது. ஓட்டலிலும் விருந்திலும் அப்படியல்ல. ஞாயிறு இரவில் நம் மதுரைப் பரோட்டாக் கடைகளின் கூட்டம் உங்களுக்குத் தெரியாததா? ஆகவே ஒரு விதி சொல்கிறேன். ஓட்டல் சர்வரின் "இதோ வந்துவிட்டது" என்ற சொல்லையும், பங்குச் சாமியாரின் "இறுதியாக ஒரு வார்த்தை" என்ற சொல்லையும் நம்பி ஊசி போடாதீர்கள்! புதிய வகை இன்சுலின் என்றால் தட்டு கண்ணெதிரே வந்த பிறகு போடலாம். எவ்வளவு சாப்பிடுவான் என்று தெரியாத சிறு குழந்தைக்கு, சாப்பிட்டு முடித்த உடனேகூடப் போடலாம் என்று மருத்துவர்கள் அனுமதிக்கிறார்கள். ரெகுலர் இன்சுலின்காரர்கள், வெளியிடங்களில் எப்போது போடுவது என்பதைத் தம் மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஊசி சற்றுப் பிந்தினால் சர்க்கரை சிறிது நேரம் ஏறும். அதைப் பின்னர் சரிசெய்யலாம். ஊசி போட்டபின் சோறு வராவிட்டால் அது அந்த நிமிடத்து ஆபத்து. அப்படித் தாமதமானால் வாழைப்பழமோ பிஸ்கட்டோ உடனே சாப்பிட வேண்டும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அடுத்தது அளவு. இத்தனை கிராம் மாவுச்சத்துக்கு 1 யூனிட் என்று ஒவ்வொருவருக்கும் மருத்துவர் ஒரு கணக்குச் சொல்வார். வெந்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு 10 கிராமுக்கு 1 யூனிட் என்று வைத்துக்கொண்டால், 150 கிராம் சோற்றுக்குச் சுமார் 4 யூனிட் ஆகும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் கணக்கு வேறு, கடன் வாங்காதீர்கள். ஓட்டலில் தராசு ஏது என்பீர்கள். அந்தத் தாய் செய்ததைக் கேளுங்கள். வழக்கமான கடையில் ஒரு முறை பார்சல் வாங்கி, இட்லி, தோசை, பரோட்டா ஒவ்வொன்றையும் வீட்டுத் தராசில் நிறுத்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். இன்று அந்தச் சிறுவனே தட்டைப் பார்த்துக் கணக்குச் சொல்கிறான்.

பரோட்டா, சால்னா, சுக்கா, கறிதோசை போன்றவற்றில் ஒரு சூழ்ச்சி உண்டு. எண்ணெயும் கொழுப்பும் செரிமானத்தைத் தாமதப்படுத்தும். ஊசி முதலில் ஓடிவிடும். சோற்றுச் சர்க்கரை மூன்று, நான்கு மணி நேரம் கழித்து நள்ளிரவில் ஏறும். ஆகவே படுக்குமுன் சோதித்துப் பாருங்கள். சர்க்கரை ஏறியிருக்கிறதே என்று பயந்து, முந்தின ஊசி ஓயும் முன் ஊசிமேல் ஊசி போடாதீர்கள். இத்தகைய உணவுக்கு ஊசியை இரண்டாகப் பிரித்துப் போடும் முறையும் உண்டு. அதை மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும். ஜிகர்தண்டா வேண்டுமானால் அதற்கும் கணக்குப் போட்டே குடிக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. 1 மில்லியில் 40 யூனிட் உள்ள மருந்தும் 100 யூனிட் உள்ள மருந்தும் நம் கடைகளில் விற்கின்றன. 40-க்கான ஊசிக்குழாயின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தை 40-க்கான குழாயில் எடுத்தால் அளவு இரண்டரை மடங்காகிவிடும்.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள், ஏறாவிட்டால் மறுபடியும் கொடுங்கள், பிறகு சாப்பாடு. லட்டும் சாக்லேட்டும் இந்த நேரத்துக்கு உதவா. அவற்றிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். நினைவு தவறியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

இப்போது குருவாக ஒன்று சொல்ல வேண்டும். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர உபவாசத்தைத் தண்ணீரும் மருந்தும் முறிப்பதில்லை. நோயாளரும் அவரைப் பராமரிப்பவரும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் உணவு உண்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம். இது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 919-ஆம் பிரிவு. ஆகவே திருப்பலி நடுவில் மயக்கம் வந்தால் அங்கேயே சர்க்கரை சாப்பிட்டுவிட்டு நன்றாக நற்கருணை வாங்க வாருங்கள். அதேபோல், செபிக்கிறோம், ஊசியை நிறுத்து என்று யார் சொன்னாலும் கேளாதீர்கள். முதல் வகை நோயாளர் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போய்விடும். சாப்பிடாத நாளிலும், நாள் முழுவதற்கும் போடும் நீண்ட நேர இன்சுலினை விடக் கூடாது. ஊசியும் செபமும் ஒரே இறைவனின் கொடைகள்.

யாயீரின் மகளை ஆண்டவர் உயிர்ப்பித்த வரலாறு உங்களுக்குத் தெரியும். கூடியிருந்தோர் மலைத்து நிற்க, அவர் என்ன சொன்னார்? அந்தச் சிறுமிக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார். பிரசங்கம் செய்யவில்லை! அன்று அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் நன்றியுரை ஆற்றியிருப்பேனோ என்னவோ.

எனவே பங்குப் பேரவையோடு கலந்து மூன்று முடிவுகள் செய்திருக்கிறோம். இனி நம் விழாக்களில் அறிவித்த நேரத்துக்கு இலை போடப்படும். பேச்சு முடியாவிட்டால் பேச்சுதான் நிற்கும். மன்றத்தின் பக்கத்து அறை, ஊசி போடுவோருக்காகத் திறந்திருக்கும். சர்க்கரையும் தண்ணீரும் அங்கே இருக்கும். பந்தியிலேயே போட்டுக்கொள்ள விரும்பினாலும் யாரும் வெட்கப்பட வேண்டாம், யாரும் முறைத்துப் பார்க்கவும் வேண்டாம். மூன்றாவதாக, எந்தத் தாயும் எந்தப் பிள்ளையும், பேசுவது பங்குச் சாமியே ஆனாலும், ஆயரே ஆனாலும், எழுந்து நின்று "சாமி, பிள்ளைக்குச் சோறு வேண்டும்" என்று சொல்லலாம். அதைவிடப் பெரிய மரியாதையை நான் உங்களிடம் எதிர்பார்க்கவில்லை.

மணி 12.50. 1 மணிக்கு அசனம் என்று அறிவித்திருக்கிறோம். முடித்துக்கொள்கிறேன். இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. வாருங்கள், சாப்பிடப் போவோம்.