கதையில் எந்த வரி யாருடையது: வகுப்பறையில் வாசிப்பரங்கு

தொன்மங்களையும் நீதிக்கதைகளையும் பழமரபுக் கதைகளையும் பள்ளியில் கற்பிக்கும் வழிகளுள், கையில் ஏட்டை வைத்துக்கொண்டு பல குரல்களில் அவற்றை வாசித்து நிகழ்த்தும் முறையைப் போலச் செலவு குறைந்ததும் எளிதில் தொடங்கக்கூடியதும் வேறில்லை. அமெரிக்கப் பள்ளிகளில் 'ரீடர்ஸ் தியேட்டர்' என்று வழங்கும் இம்முறையைத் தமிழில் வாசிப்பரங்கு எனலாம். இதில் ஒப்பனையும் திரையும் மனப்பாடமும் இல்லை. மாணவர்கள் வரிசையாக நின்றோ முக்காலிகளில் அமர்ந்தோ தத்தமக்குரிய பகுதியைப் பிரதியைப் பார்த்தே படிக்க, கேட்போர் காட்சியைத் தம் மனத்தில் அமைத்துக்கொள்கின்றனர். வானொலி நாடக நடிகரும் ஒலிவாங்கியின் முன் ஏட்டைப் பார்த்தே பேசுகிறார் என்றாலும், அந்த ஏடு நேயர்களின் கண்ணுக்குப் படுவதில்லை. வாசிப்பரங்கிலோ அது எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது, நடப்பது வாசிப்புதான் என்பதை எவரும் மறைப்பதும் இல்லை.

இம்முறை பள்ளிக்கு வருவதற்கு முன்பே மேடையில் பெயர் பெற்றிருந்தது. 1951இல் சார்லஸ் லாட்டன், சார்லஸ் போயர், செட்ரிக் ஹார்ட்விக், ஆக்னஸ் மூர்ஹெட் என்னும் நான்கு நடிகர்கள், பெர்னார்ட் ஷாவின் நாடகப் பகுதி ஒன்றை ஏடுகளை முன்னால் வைத்து வாசிப்பாக நிகழ்த்தி அமெரிக்க நகரங்களில் பெருங்கூட்டத்தை ஈர்த்தனர். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பிரீன் வேறொரு திசையில் சென்று, கதையை நாடகமாக மாற்றும்போது வழக்கமாக நீக்கப்படும் கதைசொல்லியை நீக்காமல் மேடையிலேயே நிறுத்தும் முறையொன்றை வகுத்தார். ஒரு பாத்திரத்தின் உள்ளத்தை விவரிக்கும் படர்க்கை வாக்கியத்தைச் சில வேளைகளில் அந்தப் பாத்திரமே சொல்லும்படி விடுவது அம்முறையின் நுட்பம். வகுப்பறைக்கு மிகுதியும் உதவக்கூடியதும் இதுவே.

ஆயினும் வகுப்பறைகள் வாசிப்பரங்கை ஏற்றுக்கொண்டதற்குப் பெரிய காரணம் கலையன்று, வாசிப்புத் திறன். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜே சாமுவேல்ஸ், ஒரே பகுதியைப் பன்முறை வாசிப்பதால் சரளம் வளர்கிறது என்பதை 1979இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். சரளம் என்பது சொற்களைப் பிழையின்றியும் தட்டுத்தடுமாறாமலும் பொருளுக்கேற்ற குரல் ஏற்ற இறக்கத்தோடும் படிக்கும் ஆற்றல். 2000இல் வெளிவந்த அமெரிக்க தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கையும், ஆசிரியரின் வழிகாட்டலோடு மாணவர் வாய்விட்டுப் படிப்பதை அதற்குரிய வழியாக ஏற்றது. காரணமின்றி ஒரே பக்கத்தைப் பத்து முறை படிக்கச் சொன்னால் எந்தக் குழந்தைக்கும் சலிப்புத் தட்டும். வெள்ளிக்கிழமை பிற்பகலில் பக்கத்து வகுப்பின் முன் படிக்க வேண்டும் என்றால், திங்கள் முதல் அதே பக்கத்தை அது தானாகவே திரும்பத் திரும்ப எடுக்கும். எனினும் ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்கள் படிக்கப்பட்டன என்று எண்ணுவதோடு இம்முறையின் பயனை முடித்துக்கொள்வது, கோயிலுக்குப் போய்ப் படிகளை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்புவதற்கு ஒப்பாகும்.

உண்மையான பாடம் ஒத்திகைக்கும் முன்னால், கதையை வாசிப்புப் பிரதியாக மாற்றும் வேளையில் நிகழ்கிறது. எந்த வாக்கியம் கதைசொல்லிக்கு, எது பாத்திரத்துக்கு, எது பலர் சேர்ந்து சொல்லும் குழுக்குரலுக்கு என்று மாணவர்களே கூடிப் பேசி முடிவு செய்யும்போது, அவர்கள் தம்மை அறியாமலே கதையின் கட்டமைப்பை ஆராய்கின்றனர். பிறர் பிரித்து வைத்த பிரதியை அப்படியே வாங்கிப் படிக்கும் வகுப்பு இந்த ஆராய்ச்சியை இழந்துவிடுகிறது. அவசரத்துக்கு அத்தகைய பிரதி உதவலாம், வழக்கமாகிவிடக் கூடாது.

தெய்வங்களின் செயலால் உலகின் இயல்பு எவ்வாறு அமைந்தது என்று கூறும் கதையே தொன்மம். அதற்குக் கிரேக்கரின் டிமீட்டர், பெர்சிஃபனி கதை ஏற்ற எடுத்துக்காட்டு. விளைச்சலுக்குரிய தெய்வமான டிமீட்டரின் மகள் பெர்சிஃபனியைப் பாதாள அரசன் ஹேடிஸ் கவர்ந்து செல்ல, தாய் துயரத்தால் நிலத்தை விளையவிடாமல் நிறுத்த, தேவர்கள் வேறு வழியின்றி மகளைத் திருப்பி அனுப்புகின்றனர். ஆனால் பாதாளத்தில் மாதுளை விதை உண்டதால், அவள் ஆண்டில் மூன்றில் ஒரு பகுதியை அங்கேயே கழிக்க வேண்டியதாகிறது. இக்கதையை விரிவாகக் கூறும் மிகப் பழைய நூல், ஹோமரின் பெயரால் வழங்கும் துதிப்பாடல்களுள் டிமீட்டரைப் பற்றியது. அதில், ஹேடிஸ் அந்த விதையை மறைவாக உண்ணக் கொடுத்தான் என்று மட்டும் கதைசொல்லி கூறுகிறான். பின்னர்த் தாய் கேட்கும்போது மகளோ, தன் விருப்பத்துக்கு மாறாகத் தன்னை வற்புறுத்தி உண்ண வைத்தான் என்கிறாள். ஒருவரே முழுக்கதையையும் படித்துச் செல்லும்போது கேட்பவர் காதுக்கு எட்டாமல் கடந்துபோகக்கூடிய இந்த வேறுபாடு, கதைசொல்லியின் வரியை ஒரு மாணவரும் பெர்சிஃபனியின் வரியை மற்றொரு மாணவியும் படிக்கும்போது வெளிப்பட்டுவிடுகிறது. அவள் உண்மையைச் சொல்கிறாளா, தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லை மாற்றுகிறாளா, அல்லது கதைசொல்லிக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருந்ததா என்ற கேள்வி அங்கே எழும். அதற்கு விடை காணாமல் அந்த மாணவியால் அந்த வரிக்குரிய குரலைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இதே கதையை ரோமக் கவிஞர் ஓவிட் தம் 'மெட்டமார்ஃபசஸ்' நூலின் ஐந்தாம் பகுதியில் வேறு வகையாகச் சொல்கிறார். அங்கே தோட்டத்தில் உலவும் மகள் தானே மாதுளையைப் பறித்து ஏழு விதைகளை உண்கிறாள். அதைக் கண்ட அஸ்கலாஃபஸ் என்பவன் காட்டிக்கொடுத்து, ஆந்தையாக மாற்றப்படுகிறான். ஆண்டும் இரு சம பாதிகளாகப் பிரிகிறது. இரு குழுக்கள் இரு பிரதிகளையும் அடுத்தடுத்து வாசித்தால், தொன்மத்துக்கு ஒரே சரியான வடிவம் உண்டென்று எண்ணும் வழக்கம் ஒரே வகுப்பு நேரத்தில் தளர்ந்துவிடும்.

நீதிக்கதையில் சிக்கல் வேறு. விலங்குகளைப் பேசவைத்து மனிதர்க்கு அறிவுரை கூறும் இச்சிறு கதைகளின் இறுதியில் வரும் நீதியை யார் சொல்வது? பெரும்பாலான வகுப்புகளில் அதைக் கதைசொல்லியிடம் கொடுத்துவிடுகிறார்கள், அவரும் தலைமையாசிரியர் குரலில் அதைச் சொல்லி முடிக்கிறார். ஈசாப்பின் பெயரால் வழங்கும் கதைகளை முதன்முதலில் தொகுத்தவராகச் சொல்லப்படும் ஃபலேரத்து டிமிட்ரியஸ் கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். பிற்காலத் தொகுப்புகளில் நீதி வாக்கியம் சில வேளை கதைக்கு முன்னும் சில வேளை பின்னும் வருகிறது, ஒரே கதைக்கு வெவ்வேறு தொகுப்பில் வெவ்வேறு நீதி இருப்பதும் உண்டு. ஆகவே நீதியைக் கதையோடு பிறந்த முடிவாகக் கொள்ளாமல், பின்வந்த ஒருவரின் கருத்தாக வைத்துத் தனிக் குரலுக்குக் கொடுப்பதோ, அதை நீக்கிவிட்டுக் கேட்பவரையே சொல்லச் செய்வதோ பொருத்தமானது.

பஞ்சதந்திரம் இவ்வகையில் இன்னும் நுட்பமானது. தாண்டவராய முதலியார் 1826இல் தமிழ் உரைநடையாக்கிய இந்நூலில், நீதியைச் சொல்வது எப்போதும் கதைக்குள் இருக்கும் ஒருவரே, அவருக்கு அதைச் சொல்ல ஒரு நோக்கமும் இருக்கும். ஆப்பசைத்த குரங்கின் கதையைச் சொல்வது கரடகன் என்னும் நரி; அரசன் விவகாரத்தில் தலையிடாதே என்று தோழன் தமனகனைத் தடுக்கவே அதைச் சொல்கிறது. தமனகன் அதைக் கேட்பதாக இல்லை, கேளாமலே தன் சூழ்ச்சியில் வெற்றியும் பெறுகிறது. குரங்கின் கதை தொடங்கும் கணத்தில், அதுவரை பாத்திரமாக இருந்த கரடகனாகிய மாணவர் கதைசொல்லியாக மாற வேண்டும். ஆனால் நண்பனைத் தடுக்கும் பதற்றமும் குரலில் குறையக் கூடாது. பெரியவர்களுக்கும் இது எளிதன்று.

பழமரபுக் கதை என்பது உண்மையான இடத்தையும் காலத்தையும் சுட்டி, நடந்ததாகவே சொல்லப்படுவது. சுவிட்சர்லாந்தின் வில்லியம் டெல், கொடுங்கோல் அதிகாரியான கெஸ்லரின் ஆணைப்படி மகனின் தலைமேல் வைத்த ஆப்பிளை அம்பால் பிளந்த நிகழ்ச்சி ஆல்ட்டார்ஃப் ஊரில் 1307இல் நடந்தது என்பர். ஆனால் அதைக் கூறும் மிகப் பழைய ஏடு 1470ஐ ஒட்டி எழுதப்பட்ட சார்னன் வெள்ளைப் புத்தகம். அதற்கும் ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, டென்மார்க்கின் சாக்ஸோ கிராமட்டிக்கஸ், டோக்கோ என்ற வில்லாளியைப் பற்றி இதே நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார். இத்தகைய கதைக்குக் கதைசொல்லியை இருவராகப் பிரித்து, ஒருவர் ஊரார் சொல்வதைச் சொல்ல, மற்றவர் ஏடுகள் கூறுவதை இடையிடையே வாசித்தால், பழமரபுக் கதைக்கும் வரலாற்றுக்கும் உள்ள உறவை ஆசிரியர் தனியே விளக்க வேண்டிய தேவை பெரிதும் குறையும்.

தமிழர்க்கு இவ்வகைப் பிரிவினை அயலானதன்று. யாழ்ப்பாணக் கோயில்களில் நிகழும் புராணபடனத்தில், கந்தபுராணச் செய்யுளை ஒருவர் இசையோடு படிக்க, மற்றொருவர் பொருள் விரித்துச் சொல்கிறார். கேட்பவர்கள் இரு குரல்களையும் இரண்டாகவே அறிந்து கேட்கின்றனர். எனினும் அங்கே அது வழிபாட்டின் பகுதி என்பதை மறவாமை வேண்டும். இன்றும் மக்கள் வணங்கும் தெய்வங்களின் கதைகளை வேடிக்கைக் குரலில் நிகழ்த்துவதைப் பல குடும்பங்கள் விரும்பமாட்டா. அமெரிக்கத் தொல்குடியினரான நவஹோ மக்களிடையே கயோட்டி என்னும் நரியினத்து விலங்கின் கதைகள் குளிர்காலத்தில் மட்டுமே சொல்லத்தக்கவை. அச்சில் கிடைக்கிறது என்பதாலேயே ஒரு கதையை எந்த மாதத்திலும் எந்தக் குரலிலும் நிகழ்த்தலாம் என்று ஆசிரியர் கொள்வது முறையன்று.

நடைமுறையில் இன்னும் சில கவனிக்கத்தக்கவை. முன்பின் பார்க்காத பிரதியைத் திடீரென்று உரக்கப் படிக்கச் சொல்வது, தடுமாறும் மாணவரைப் பலர்முன் நாணச் செய்வதாகும். முதல் வாசிப்பு ஆசிரியருடையதாகவே இருக்க வேண்டும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஐந்தாறு குழுக்கள் ஒரே கதையை வெவ்வேறாகப் பிரித்துக் கொண்டுவரலாம். மெதுவாகப் படிப்பவருக்கு முதல் வாரத்தில் குழுக்குரல் துணையாக இருக்கும், ஆண்டு முழுவதும் அவரை அங்கேயே நிறுத்திவைப்பது தவறு. கேட்போர் கையில் பிரதி இருக்கக் கூடாது, இருந்தால் காது ஓய்ந்து கண் வேலை செய்யத் தொடங்கிவிடும். ஒரு முறை நிகழ்த்தி முடிந்த பின், கதைசொல்லியாக இருந்தவர் பெர்சிஃபனியாகவும் பெர்சிஃபனியாக இருந்தவர் கதைசொல்லியாகவும் மாறி, மாதுளை விதை வரும் பகுதியை மட்டும் இன்னொரு முறை வாசிப்பதற்குப் பத்து நிமிடம் போதும்.