ஆங்கிலத்தில் குடியேறிய நம் சொற்கள்



புகைவண்டி நிலையத்தில் பயணச்சீட்டு வழங்குபவன் யான். மொழியாராய்ச்சி என் தொழிலன்று. எனினும் 'கேஷ்' என்னும் சொல் நாள்தோறும் பலமுறை என் காதில் விழுகின்றது. அது நம் 'காசு'தான் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அதில் பாதியே உண்மை. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்', பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழிவந்தது. கீழைநாட்டுச் சிறு நாணயத்தைக் குறிக்கும் 'கேஷ்' மற்றொன்று உண்டு. அதுவே போர்த்துக்கேசியர் வாய்வழிச் சென்ற நம் காசு. எழுத்தும் ஒலியும் ஒன்று, பிறப்போ வேறு!

ஐயமின்றி நம்முடையவையும் உள. கட்டுமரம் 'கட்டமரான்' ஆயிற்று. ஆயின், இன்று ஆங்கிலத்தில் அப்பெயர் பெறுவது இரட்டை உடல் கொண்ட படகு. நம் மீனவர் பிணைத்த கட்டைகளை அதில் காணோம். மிளகுத் தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆகி, இறைச்சியும் சேர்ந்து, நம் பாட்டிமார் கண்டால் தொடவும் அஞ்சும் குழம்பாகிவிட்டது. இவை நகைத்து மகிழத்தக்கவை.

நகைக்க இயலாத சொல் ஒன்றுண்டு. பிறர் ஒதுக்கிய மனிதரையும் நாட்டையும் ஆங்கில நாளேடுகள் 'பரையா' என்று எழுதுகின்றன. அது பறையர் என்னும் நம் மக்களின் பெயர். பறை என்பது முரசு. பறைதல் என்றால் சொல்லுதல். ஊருக்குச் செய்தி அறிவித்த கருவியோடு தொடர்புடைய அப்பெயர் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்து, நாளடைவில் 'தள்ளத்தக்கவன்' என்னும் பொருளை ஏற்றது. தெருநாய்க்கும் பருந்துக்கும்கூட அதனை அடைமொழியாக்கினர். பழி முழுவதையும் வெள்ளையர்மீது சுமத்துதல் நமக்கு எளிது. அவர்கள் நம் ஊர்களில் கண்ட நடப்பையன்றோ அகராதியில் ஏற்றினர்?

கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் இறங்கி உழைத்த தமிழருள் அச்சமூகத்தார் பலர். அவர்தம் பேரப்பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு பெங்களூரில் ஒரே வகுப்பில் பயில்கின்றனர். ஆங்கிலக் கட்டுரை வரையும் நம் இளைஞர்கள் இச்சொல்லை விலக்குமாறு வேண்டுகிறேன். ஒதுக்கப்பட்டவரைக் குறிக்க அம்மொழியில் வேறு சொற்களுக்குப் பஞ்சமில்லை.

அப்பெயரே இழிவு என்று எவரும் கருதிவிட வேண்டா. 1893இல் சென்னையில் இதழ் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், அதற்கு வேறு பெயர் தேடாது, 'பறையன்' என்றே பெயரிட்டார்.